புரிந்ததும் நிறுத்திவிடு

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், சித்தப்பா சுகம், அப்பாவும் சுகம் என்று இந்தத் தடவை பேனா தயங்காமல் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வார்த்தை குழறுவது உனக்குத் தெரியும். அதைவிடக் கொடுமை, நானும் சித்தப்பாவும் என்ன என்ன, மறுபடி சொல்லுங்க என்று முதலிலிருந்து கேட்டுக் கேட்டு மனுஷனை ஓயவைத்ததுதான். மைக் இல்லாமல் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவின வாய், போதும்டா சாமி என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. பேசாமலே விட்டால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் நீ உருவாக்கின சிப் வேலை செய்கிறது என்று போனில் குதித்தாய். உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஏதோ கம்ப்யூட்டரில் என்று இத்தனை நாள் சமாளித்தவள் நான். அன்றைக்குத்தான் பொறுமையாகச் சொன்னாய். கடலடியில் கிடக்கும் கருவிக்குச் செய்தி போகும் வழியில் சிதைந்துவிடும், அதனால் சரிபார்ப்பதற்கென்றே கூடக் கொஞ்சம் சேர்த்து அனுப்புவார்கள், உன் சிப் எது நிச்சயம் எது சந்தேகம் என்று பிரித்து ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துத் திருத்தும், எல்லாம் பொருந்தியதும் அங்கேயே நிறுத்திவிடும், வீணாக ஒரு சுற்றுகூட ஓடாது, அதனால்தான் பேட்டரி அத்தனை காலம் வரும் என்றாய். போனை வைத்ததும், அப்பா பேச்சை நாமும் இப்படிக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

மறுநாள் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து வேண்டுமென்றே தக்காளிக்கு ஒரு அசட்டு விலை சொன்னார். அப்பா வெடுக்கென்று திரும்பினார், ஏதோ கத்தினார். நாங்கள் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. என் காதில் உறுதியாக விழுந்தது எது, சித்தப்பாவுக்கு விழுந்தது எது, இடது கை என்ன காட்டுகிறது என்று மூன்றையும் ஒத்துப்பார்த்தோம். ஏலம் விட்ட கை அல்லவா, வாய் சொல்வதை எல்லாம் அதுவும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை. கை ஷட்டரை இழுத்துச் சாத்துவதுபோல் காட்டியது. இந்த விலைக்கு வித்தா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்டா என்றிருக்கிறார்! திட்டு வாங்கின சித்தப்பா பரிசு வாங்கினவர் மாதிரி சிரித்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

உன் சிப் திருப்பிக் கேட்பதே இல்லையாமே, எங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, சந்தேகமான வார்த்தையை மட்டும் கேட்கிறோம். இப்போது சாயங்காலம்கூட அப்பாவுக்குத் தெம்பு மிச்சம் இருக்கிறது. யாரும் எட்டாத கடலடிக்காக நீ யோசித்தது நம் வீட்டுக் கட்டில் வரைக்கும் வந்துவிட்டதே, நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. இது என் வயிற்றில் பிறந்ததா என்று உன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிப்புக்குப் பார்க்கிற சிக்கனத்தை உன் உடம்புக்கும் பார், நேரத்தோடு தூங்கு. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு, அப்பாவின் கையும் தெரியட்டும். முதலிலிருந்து சொல்லச் சொல்லாதே, புரிந்ததும் புரிஞ்சுதுப்பா என்று சொல்லி நிறுத்திவிடு. உன்னிடம் சொல்ல ஏதோ வைத்திருக்கிறார். என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்ல மாட்டாராம். நேற்றிலிருந்து என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டு, உனக்காகச் சேர்த்து வைக்கிறேன் என்று கை காட்டுகிறார்.

என்றும் உன் நினைவாகவே,
அம்மா