இதற்கு அர்த்தம் என்ன?

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

சகலருக்கும் அறிவிப்பது: வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் ஊரார் சாக்ஸையெல்லாம் ஜோடி சேர்க்கும் உங்கள் மகனின் தொலைந்துபோன ஒற்றைச் சாக்ஸ் இன்று கண்டெடுக்கப்பட்டது. உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் கோபமும் குறைந்தனவா?

ஞாயிறன்று பல நாட்டு லுத்தரன் கிறிஸ்தவர்கள் கூடிய மாநாட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு கோட்டுக்காரர், "தம்பி, நீ எப்போ நம்ம சபைக்கு வந்தே?" என்று புதுச்சரக்கை விசாரிப்பதுபோலக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் வரல சார், பொறந்ததே இதுலதான். எங்கப்பா சர்ச்சுல உபதேசியார். சபையில முழுசா சேர்க்கறதுக்கு முன்னாடி நடக்குற திடப்படுத்தல் வகுப்புல, பத்துக் கட்டளையில ஒவ்வொரு கற்பனைக்கும் 'இதற்கு அர்த்தம் என்ன?'ன்னு காதைத் திருகித் திருகிக் கேட்பாரு!"

மேசையே சிரித்தது. எதிரே இருந்த நர்ஸ் அக்கா அதே கேள்வியைத் தன் பாஷையில் கத்தினார். பக்கத்திலிருந்த லாரி டிரைவர் தன் பாஷையில் கத்தினார். எல்லாம் லுத்தர் எழுதிய அதே புத்தகத்தின் ஒரே கேள்விக்குத் திருகப்பட்ட காதுகள்!

"இவன் நம்ம வீட்டுப் பையன்யா" என்று டிரைவர் என் முதுகில் ஒன்று வைத்தார். இனி எவன் கேட்டாலும் இதே பதில்தான். நான் விருந்தாளி இல்லை.

அம்மா தைத்த போர்வையை அனுப்புங்கள். அவள் துவைத்த வாசனையோடு அனுப்பினால் நல்லது. கூடவே அந்தக் கேள்வி-பதில் உள்ள என் ஞானோபதேசப் புத்தகமும் வேண்டும். வேலைக்கு மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன்.

பி.கு.: புத்தகம் எதற்கென்றால், அந்த அக்கா உடனே, "எங்கே, பதிலை உன் பாஷையில சொல்லு" என்றார். அர்த்தம் அனர்த்தமாகி, ஒரு வரியும் வரவில்லை. கண்ணை மூடி ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தேன். எல்லோரும் பயபக்தியாக "ஆமென்" என்றார்கள்.

அதிலும் ஏழெட்டுத் தப்பு, அப்பா.