ஆவிக்குழாயில் அடைத்த இலை

1954 ஆகஸ்ட் 8

பாய்லர் மூடி இன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஓடுகள் சிதறிக் குளிப்புரை முழுவதும் கிடந்தன. என் மனைவி கிருபாபாய் அப்போதுதான் மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்குள் வந்திருந்தாள். வராமல் அங்கேயே நின்றிருந்தால் — வேண்டாம், அதை எழுதப்போவதில்லை.

என் கையால் செய்த பாய்லர். பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் என்று பெயர் வேறு. ஊரில் எல்லோர் வீட்டுச் செம்புப் பாய்லரிலும் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். நான் ரப்பர் வாஷர் வைத்துத் திருகி இறுக்கினேன். வெந்நீர் சுவர் வழியாகக் குழாயில் வரும், குடம் சுமக்க வேண்டாம். ஆவி போக மேலே மெல்லிய குழாய் ஒன்று. அது போதும் என்று முடிவு செய்தவன் நான்தான். பெரிய கெட்டிக்காரன்.

ஆகஸ்ட் 9

காரணம் தெரிந்துவிட்டது. காய்ச்சல் விட்ட உடம்பு வலிக்கு அவள் நொச்சி இலையைப் பாய்லருக்குள்ளேயே போட்டிருக்கிறாள். இலை வெந்து ஆவிக்குழாயை அடைத்துவிட்டது. ஏன் போட்டாய் என்று கத்தினேன். "போடப்பிடாதுண்ணு நீங்க சொல்லல்லியே" என்றாள். சொல்லவில்லைதான். தோன்றினால்தானே சொல்வதற்கு.

இதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்திருக்கிறேன். நெய்யாற்றின்கரையில், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணன்குட்டி வீட்டுக்கு. அவர் மகள் சுகுமாரிக்கு ஆவணி பிறந்ததும் பேறு. பெற்றவளுக்கு வேது வெந்நீர் வைக்கத்தான் வாங்குகிறேன் என்று அவர் வாய்விட்டே சொன்னார். புளியிலை, பிலா இலை, நொச்சி எல்லாம் போட்டு அவிக்காமல் இந்தப் பக்கத்தில் யார் பெற்றவளைக் குளிப்பாட்டுகிறார்கள்? தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

ஆகஸ்ட் 10

இன்றே போயிருக்கலாம். கையில் மாற்று இல்லாமல் தப்பைச் சொல்லப் போக மனம் வரவில்லை. பித்தளையில் ஒரு வால்வு கடைந்தேன். ஆவி முட்டினால் தானே தூக்கிக்கொடுக்கும், முட்டு குறைந்தால் உட்கார்ந்துவிடும். நன்றாக வந்திருக்கிறது. நாளை காலை பஸ்ஸில் போகிறேன்.

ஆகஸ்ட் 11

பஸ் இல்லை. மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடாம். திருவிதாங்கூரின் தமிழ் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் இங்கே பாறசாலையிலும் கடையெல்லாம் பூட்டியாயிற்று.

ஆகஸ்ட் 12

வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 13

ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்யும் ஞானையனை, நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் ஆற்றுப்பாலத்தில் போலீஸ்காரர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். எந்தக் கூட்டம், யார் தலைவர் என்று கேட்டு அடித்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. பார்க்கப் போனேன். கஞ்சியை அவன் பெண்சாதி ஊட்டுகிறாள்.

தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த கூட்டத்துக்கு நானும் போனவன்தான். கடைசி வரிசை. கை தட்டியதோடு சரி. அதைப் பாலத்தில் நிற்கிறவரிடம் விளக்க முடியுமா? அதுவும் பையில் பித்தளை உருளையும் குழாயும் வைத்துக்கொண்டு?

கிருஷ்ணன்குட்டிக்குக் கார்டு எழுதிப் போட்டேன். தபால் எப்போது போகும் என்று போஸ்ட்மாஸ்டருக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 15

வேதக்கோவிலில் ஜெபத்தின்போது கண்ணை மூடினால் பாய்லர் மூடி பறக்கிறது. அதன் கீழே அந்தப் பெண். மடியில் பிள்ளை.

பேறு தள்ளிப் போகலாம். தலைப்பிள்ளை தள்ளித்தான் போகும் என்பார்கள். — யாரிடம் சொல்கிறேன் இதை?

ஆகஸ்ட் 16

நாளை ஆவணி பிறக்கிறது. இரண்டு நாள் பொறுத்தால் பாலத்தில் கெடுபிடி குறையும் என்று கிருபாபாயிடம் சொன்னேன். அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். "கெடுபிடி பொறுக்கும். தண்ணி பொறுக்குமா? ஒங்களுக்குப் பயமாட்டு இருந்தா நான் போறேன். பெண்ணுவளை ஆரும் பிடிச்சு வைக்கல்ல" என்றாள்.

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் போகிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் ஸ்பானரை எடுத்து, மூடியைக் கழற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். முதலில் தீயை இழுத்துப்போடு, ஆறுகிறவரை திருகில் கை வைக்காதே. அவள் ஒருமுறை கேட்டாள். பிறகு என்னை விட வேகமாகக் கழற்றினாள்.

ஆகஸ்ட் 17

வெளுக்கும் முன்பே போய்விட்டாள். மரச்சீனிக் கிழங்குக் கூடைக்குள் ஸ்பானர். நடைதான், வேறு வழியில்லை.

உச்சி சாய்ந்துவிட்டது. வரவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. பாலம் வரை போய்ப் பார்க்கலாம் என்று சட்டை போட்டேன். தெருமுக்கு வரை போய்த் திரும்பிவிட்டேன். அங்கே ஜீப் நின்றிருந்தது. நானெல்லாம் ஒரு ஆம்பளையா? அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன், கர்த்தாவே.

ஆகஸ்ட் 18

வந்துவிட்டாள். இருட்டில் அனுப்ப மனமில்லாமல் அவர்கள்தான் ராத்திரி தங்க வைத்திருக்கிறார்கள். திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

சுகுமாரிக்கு முந்தாநாளே பெண் பிள்ளை. முதல் நாள் வேது முடிந்து, இவள் போன நேரம் இரண்டாம் நாளுக்குத் தீ மூட்டியிருந்தார்களாம். இவள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்திருக்கிறாள். வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆறின பிறகு ஆவிக்குழாயைக் கழற்றிக் காட்டினாளாம். கார்டு அதுவரை போய்ச் சேரவில்லை.

அந்தக் குழாயைக் கூடையிலேயே போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். பச்சையும் கறுப்புமாய் இலைக்கூழ். ஈர்க்குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. திருப்பி மறுமுனையில் குத்தினேன். அங்கும் இறங்கவில்லை.

சாப்பிடவில்லை இன்று.

செப்டம்பர் 14

பாலத்தில் இன்னும் போலீஸ் நிற்கிறது. ஆனால் பஸ் ஓடுகிறது.

கிருஷ்ணன்குட்டி வந்தார். பிள்ளை சுகமாக இருக்கிறதாம். பாய்லரைத் தூக்கி எறியச் சொல்வார் என்று நினைத்தேன். புது வால்வு வைத்துத் தரவேண்டும் என்றார். குடம் சுமக்காமல் இருந்ததில் வீட்டுப் பெண்களுக்கு அத்தனை பிடித்துவிட்டதாம். இலையைத் துணியில் கட்டிப் போடச் சொல்லி இவள் அவர்களுக்குப் பழக்கிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தோன்றாதது.

எந்த நாள் வரட்டும் என்று கேட்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பது போல்தான் சொன்னார்: "நீ வரண்டாம். அவ வந்தா மதி." அவள் வந்தால் போதுமாம்.

அவர் போன பிறகு வால்வைத் துணியில் சுற்றிக் கிருபாபாயிடம் கொடுத்தேன். நானும் வரட்டுமா என்று கேட்டேன். பாலம் என்றால் எனக்கு இன்னும் பயம்தான், அது அவளுக்கும் தெரியும். ஸ்பானரையும் எடுத்துப் பையில் போட்டாள்.

"வாருங்க. பையை நீங்க எடுங்க. வேலை செய்யப்போறது நானாக்கும்."

நாளைக் காலை முதல் பஸ்.