ஆறாம் பாடத்தின் தலைப்பு

3 மார்ச் 2025, திங்கள்

புத்தகக் கட்டு வந்தது. 'மேற்கத்திய இலக்கியமும் கலையும்: கிரேக்கர் முதல் இன்றுவரை'. எட்டுப் பாடங்கள். அட்டையில் என் பெயர். சங்கத்துச் சனிக்கிழமை வகுப்புக்காக இரண்டு வருடம் எழுதியது. கட்டைப் பிரித்து ஒரு பிரதியை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

ஆறாம் பாடத்தில் கை நின்றது. 'புனைவியல் காலம்' என்று நான் எழுதிய தலைப்பைக் காணோம். அங்கே 'காதல் காலம்'. பக்கத்தில் ஓர் இதயம். அதில் அம்பு.

4 மார்ச்

சங்கச் செயலாளர் மோகனராஜை அழைத்தேன். அச்சுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

"ரொமான்டிக்னா காதல்தானே டீச்சர்? இங்கிலீஷ்ல ரொமான்டிக்னுதான போட்டிருந்தீங்க?"

கலையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்றேன். இருநூறு வருடம் முன்பு, ஊரெல்லாம் ஆலைப் புகை எழும்பியபோது, எல்லாவற்றையும் அளந்து கணக்கிடும் அறிவே போதும் என்று சொன்னவர்களை எதிர்த்து எழுதியவர்களும் வரைந்தவர்களும் அவர்கள் என்றேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் சரி. புனைவியல்னா யாருக்கு விளங்கும்? வர்றவங்க ஃபேக்டரி ஆளுங்க லா."

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். பிஸியாக இருப்பேன் என்று நினைத்தாராம்.

5 மார்ச்

அம்பு வேறு!

8 மார்ச், சனி

குயின் ஸ்திரீட் சங்கத்து மாடியில் முதல் வகுப்பு. பத்தொன்பது பேர். தொடக்கி வைத்த மோகனராஜ் மைக்கில், "நம்ம டீச்சர் காதலுக்குன்னே தனியா ஒரு பாடம் எழுதியிருக்காங்க!" என்றார். கைதட்டல். பின்வரிசையில் யாரோ விசில்.

நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாதவள். நான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்? மின்விசிறியைப் பார்த்தேன்.

9 மார்ச்

மீனாள் ஆச்சியிடம் சொன்னேன். என் அக்காள்தான், ஆனால் ஆறுதலை எதிர்பார்த்திருக்கக் கூடாது. "ஒரு தலைப்புக்கா இந்தக் கோவம்? இதயம் நல்லாத்தான்டி இருக்கு."

கோபம் தலைப்புக்காக இல்லை. என் பெயருக்குக் கீழே ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. நாளை விவரம் தெரிந்தவர் ஒருவர் எடுத்துப் பார்த்தால்? இவள் எங்கே படித்தாள் என்று கேட்கமாட்டாரா?

15 மார்ச், சனி

இடைக்கால ஐரோப்பா. ஜுருவில் ஃபேக்டரி வேலை செய்யும் நவமணி என்ற பெண் கையைத் தூக்கினார். பைராம் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். அக்கரையிலிருந்து கடற்பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

"அக்கா, இருண்ட காலம்னு போட்டிருக்கு. இவ்ளோ பெரிய தேவாலயமெல்லாம் அப்பதான கட்டியிருக்கான்? அப்புறம் என்ன இருட்டு?"

பதில் சொன்னேன். சுமாரான பதில்.

18 மார்ச்

மறுபடி மோகனராஜ். மறுஅச்சுக்கு வழியில்லை, வேண்டுமானால் திருத்தச் சீட்டு அடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார். ஏதோ எனக்கு வரம் தருவதுபோலக் குரல். ஏப்ரல் ஏழாம் தேதிக்குள் வாசகம் வேண்டுமாம்.

என்ன வாசகம்? அதை உடனே சொல்லிவிட்டேன்: 'புனைவியல் காலம்' என்று திருத்தி வாசிக்கவும். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். பெருவிரல் ஒன்று வந்தது.

22 மார்ச், சனி

முதல் இரண்டு வாரமும் இரண்டிரண்டு பாடம் ஓடிவிட்டதால் இன்று ஐந்தாம் பாடம். யாரோ ஆறாம் பாடம் எப்போது என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஹரி ராயா பெருநாள், வகுப்பு இல்லை.

5 ஏப்ரல், சனி

ஆறாம் பாடம். எப்படியாவது சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

நான் தொடங்கும் முன்பே நவமணி: "அக்கா, ஒரு டவுட்டு. காதல் காலம்னு இருக்கு. வீட்ல ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். ஒருத்தன்கூட காதலிக்கலையே? கப்பல் ஒடையுது, பொயல் அடிக்குது, ஒருத்தன் மெஷினே வேணாம்னு மலையில ஏறிட்டான்."

"மலையில கேர்ல்ஃப்ரெண்டு இருந்திருக்கும்!" என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

யாருக்கு விளங்கும் என்று கேட்டாரே மோகனராஜ். இதோ, விளங்கியிருக்கிறது! அந்த மனிதரை அங்கேயே கூப்பிட்டு நிறுத்த வேண்டும்போல இருந்தது. தலைப்பு அச்சுப்பிழை, நான் எழுதியது புனைவியல் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

நவமணி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "புனைவுன்னா... இல்லாதத இருக்கிற மாதிரி சொல்றது. அது இதுக்கு மேல மோசம் லா, அக்கா. இவங்க பொய் சொல்லலையே. கோவத்துல இருக்காங்க."

பிறகு, நான் கேட்காமலே: "கொந்தளிப்புன்னு வைக்கலாம். கடலும் கொந்தளிக்குது, ஆளும் கொந்தளிக்குது."

வீடு வந்தும் ஆறவில்லை. அது பல்கலைக்கழகத்தில் படித்த சொல். எத்தனை நூலில் இருக்கு! இவ யாரு அத மோசம்னு சொல்ல?

— எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப் போவதில்லை. மோகனராஜ் பேசியதும் இதைத்தானே?

6 ஏப்ரல்

ஆறாம் பாடத்தை முழுவதும் மறுபடி படித்தேன். நானே எழுதிய பதினான்கு பக்கம். 'கொந்தளித்த' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. 'புனைவியல்' நான் வைத்த தலைப்பில் மட்டும்.

7 ஏப்ரல், திங்கள்

காலையில் மோகனராஜை அழைத்து வாசகத்தை மாற்றினேன்.

"டீச்சர், புனைவியல் புனைவியல்னு ஒரு மாசமா என்னய வறுத்தெடுத்தீங்களே?"

"ஆமாம். உங்களுடையதும் தப்பு, என்னுடையதும் தப்பு. கொந்தளிப்புக் காலம் என்று போடுங்கள்."

"யாரு சொன்னது?"

"ஃபேக்டரி ஆள்."

சட்டென்று போனை வைத்துவிட்டார். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

12 ஏப்ரல், சனி

வகுப்பு முடிந்து சீட்டு ஒட்டினோம். நவமணி கம் கொண்டுவந்திருந்தார். எங்கே ஒட்டுவது என்று முதல் பிரதியைத் திருப்பிக் காட்டினார். தலைப்பை மறைத்தால் இதயம் தெரிகிறது. இதயத்தை மறைத்தால் தலைப்புத் தெரிகிறது.

சீட்டைக் குறுக்காக வைத்தோம். இரண்டும் மறைந்தன. அம்பின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்க்கா," என்றார். விட்டுவிட்டேன்.