எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை

மார்ச் 4
கொதிகலன் பக்கத்து வேலைமேடையைத் தாங்கும் இரண்டு தாங்கிகளுக்கும் வலுக்கணக்கு முடிந்தது. எனக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை வைத்திருந்தவர் பாகங்களுக்கு மூன்றெழுத்து, நாலெழுத்தில் பெயர் வைத்திருந்தார். எழுத்துக்குக் காசா கேட்கிறார்கள்? படித்தால் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் நீளமாக்கினேன். மேல் தாங்கி, கீழ் தாங்கி இரண்டுக்கும் ஒரே அழுத்தம் வந்தது. பத்திரம் என்று கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 19
தளத்திலிருந்து வெல்டர் போன் செய்தார்.
"மேடம், கீழ் தாங்கியில முடி மாதிரி ஒரு விரிசல் தெரியுது. ஏறலாமா?"
"கணக்கெல்லாம் சரியா இருக்குங்க. பெயிண்ட் வெடிச்சிருக்கும்."
"நீங்க சொன்னா சரி."

மார்ச் 20
மனசு கேட்காமல் ஸ்கிரிப்டைத் திறந்தேன். இந்த ஸ்கிரிப்ட் மொழியில் பெயர்ப் பட்டியலின் ஒரு கட்டத்துக்குள் எட்டு எழுத்துதான் நிற்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது. என் இரண்டு நீளப் பெயர்களுக்கும் முதல் எட்டெழுத்து ஒன்றே; மேல், கீழ் என்ற வித்தியாசம் கடைசியில்தான் வருகிறது. இரண்டு முறையும் மேல் தாங்கிக்கே கணக்குப் போட்டிருக்கிறது. கீழ் தாங்கியை யாரும் பார்க்கவே இல்லை!

அதன் கணக்கைத் தனியாக ஓட்டினேன். தாங்காது. ஐயோ.

கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறான். நான்தான் புரட்டவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். எதற்கும் 'பாத்துக்கலாம்' என்கிற மனுஷன். "நாளைக்கு வாடிக்கையாளர் வர்றாங்க. திங்கட்கிழமை பாத்துக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

வெல்டர் நம்பர் என் போனிலேயே இருக்கிறது. ஏன்டி கூப்பிடவில்லை? வேலை போய்விடும் என்ற பயம். வேறொன்றுமில்லை.

மார்ச் 21
மேடை விழுந்துவிட்டது. வெல்டர் மட்டும்தான் மேலே இருந்தார்.

மார்ச் 22
காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

ஏப்ரல் 9
விசாரணை. 'மென்பொருள் கோளாறு' என்றார் மேனேஜர். என்னைக் கேட்டார்கள். நானும் ஆமாம் என்றேன். கோளாறாம்! அது தன் விதிப்படிதான் நடந்தது. விரிசல் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் அக்கா, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுடி" என்றாள். போனது தலைப்பாகையா? சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 30
வெல்டரின் மனைவி அவருடைய கருவிப் பையை வாங்க ஆபீசுக்கு வந்திருந்தார். பையை எடுத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

"கவனமில்லாம ஏறிட்டாருன்னு எல்லாரும் பேசினாங்க. கம்ப்யூட்டர் தப்புன்னு நீங்க சொன்னதாலதான் அவரு மேல பழி வரல. நல்லா இருக்கணும் மேடம்." கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "விரிசல் இருக்குன்னு அவரு சொன்னப்போ ஏறாதீங்கன்னேன். ஆபீஸ்ல ஒரு மேடம் வெறும் பெயிண்டுதான்னு சொல்லிட்டாங்கன்னாரு. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

பஸ் நிறுத்தம் வரை பையை நானே தூக்கிக்கொண்டு போனேன்.