மீன் தீனுக்கு ஊற்றிய கள்ளு மண்டி

தோப்பூர்
17.08.1975

அன்பு மகள் அருள்மலருக்கும் மருமகனுக்கும்,

அந்தோனியார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், சாம்பியாவில் நீங்களும் பிள்ளையும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். உன் கடிதம் இருபத்து மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, காரணத்தை அவள் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நானும் ஹிஸ்புல்லா மாமாவும் அவருடைய பழைய செங்கல் குழியில் திலாப்பியா வளர்க்கிறது உனக்குத் தெரியும். மீனுக்குப் போடும் புண்ணாக்கு இப்போது கண்ணில் காணவும் கிடைப்பதில்லை. வாய்க்கால் முழுக்கச் சல்வீனியாப் பூண்டு மூடிக் கிடக்கிறதே, அதைப் புளிக்க வைத்துத் தீனாகப் போட்டால் என்ன என்று யோசித்தேன், பச்சையாகப் போட்டால் மீன் திரும்பியும் பார்க்காது. வாட வைத்து, வெட்டி, தவிட்டோடு பிசைந்து, பீப்பாவில் காற்றுப் புகாமல் அமத்தி மேலே கல்லும் வைத்தேன். முதல் பீப்பா புளிக்காமல் அழுகிப் புழு வைத்து அயலெல்லாம் மூக்கைப் பொத்தியது. அடுத்ததற்குக் கள்ளுச் சீவுகிற தவராசாவிடம் முட்டியின் அடியில் தங்கும் கள்ளு மண்டி வாங்கி ஊற்றினேன். அடேயப்பா, பத்தாம் நாள் திறந்தால் மாங்காய் ஊறுகாய் மாதிரி வாசம்! மீன்கள் அடிபட்டுத் தின்றன, விரலளவு நின்றவை இரண்டு மாதத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டன.

கள்ளு என்று மாமாவுக்கு நான் சொல்லவில்லை. இது என்ன வாடை என்று அவர் கேட்டபோதும் சல்வீனியாவின் புளிப்புத்தான் என்று மழுப்பிவிட்டேன். முதல் பிடித்த பத்து மீனைப் பெருமையாக அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, மைமூனா மாமி சோற்றுக்கு ஆணம் காய்ச்சி எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் மாமா பீப்பாவடியில் நிற்கும்போதே தவராசா கலயத்தோடு வந்து, ஐயா இண்டைக்கு நல்லாப் பொங்கின மண்டி கொண்டந்திருக்கன் என்றான். மாமாவின் முகம் கறுத்துப் போனது. என் வாயாவது சும்மா இருந்ததா, மீன்தானே குடிச்சது, நீங்களா குடிச்சீங்கள் என்று பகிடி விட்டேன். அவர் சத்தம் போடவில்லை. எங்கட சட்டியிலயும் போட்டுட்டீங்களே அல்பிரட், என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது மகள், இன்றைக்கும் வெட்கம்தான்.

அந்தத் தீனை எல்லாம் புதைத்தேன், பீப்பாக்களைச் சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவினேன், குழியில் நின்ற மீனை வலைபோட்டு வாரி, மூதூர் லோஞ்சியில் ஏற்றிக் கடலைத் தாண்டிப் பட்டணம் கொண்டுபோய், இன்ன தீன் தின்ற மீன் என்று சொல்லியே விற்றேன். மாமா எட்டியும் பார்க்கவில்லை. ஒரு கிழமை கழித்து மைமூனா மாமி அம்மாவுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்பி, இந்தத் தயிர்த் தண்ணிய ஊத்திப் பாருங்க, இதுவும் புளிக்கும்தானே என்று சொல்லிவிட்டார். ஊற்றினேன். பதினான்கு நாள் பிடித்தது. திறக்கிற அன்று மாமா தானே வந்து, கையை விட்டு அள்ளி மணந்து பார்த்து, ஓம், இது நல்லம் என்றார். புதுக் குஞ்சுகளை இருவருமாகத்தான் விட்டோம்.

இப்போது தினமும் வருகிறார், முந்திப்போலத் தீனும் போடுகிறார். ஆனால் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தால், வீட்டதான் குடிச்சிட்டு வாறன் தங்கச்சி என்று தலையை ஆட்டிவிடுகிறார். இருபது வருடம் நம் குசினி வாசலில் நின்று கேட்டு வாங்கிக் குடித்த மனிதர். அம்மா அந்தக் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், எனக்கு அது போதும்.

பிள்ளைக்குக் கொதித்தாறிய தண்ணீரே கொடு. தேவமாதா உங்கள் மூவரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, மாமாவுக்கு நாலு வரி தனி உறையில் எழுதிப் போடு. எனக்காகப் பரிந்து ஒன்றும் எழுத வேண்டாம், பிள்ளைக்குப் பல் முளைத்ததை எழுது. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, உன் கடிதத்தை இதுவரை என்னிடம்தான் கொண்டு வந்து வாசிப்பித்திருக்கிறார். இந்த முறை யாரிடம் கொண்டு போகிறார் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அன்பு அப்பா,
ம. அல்பிரட்