பத்திரிகை வைக்காத ஒரே வீடு

என்னைத் தூக்கி வளர்த்தவளும் துரத்தித் துரத்தி அடித்தவளுமான என் அக்கா பாக்கியத்துக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மழையைப் பற்றி உனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தால் ஒரு குடம் நிரம்பும். அதிலும் பாதியை நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலில் பெரிய செய்தி. உன் மகள் கயலுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஓசூரில், மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபத்தில். தாய்மாமன் என்ற முறையில் நான் மாலையோடு நடந்து வந்தபோது ஓசூர் மலையெல்லாம் எழுந்து நின்றதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்தது நான் ஒருவன்தான். மாப்பிள்ளை அவளோடு ஒரே தொழிற்சாலையில் இன்ஜினியர். என்னைக் கண்டதும் தடாலென்று காலில் விழுந்தார். ஜமுக்காளம் தடுக்கி விழுந்தார் என்கிறாள் உன் மகள். நீ அதை நம்பாதே.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகாமலே இருந்திருப்பேன் என்பது உனக்குத் தெரியுமா? எல்லாம் நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன தாசில்தாரால்.

இதை உன்னோடு சேர்ந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: தாசில்தார் என்பது எங்கள் நாய். குட்டியாக வந்த முதல் வாரமே வயலில் இருந்த ஒவ்வொரு சர்வே கல்லாகப் போய்க் காலைத் தூக்கி எல்லையை உறுதி செய்தான். அதைப் பார்த்து அக்கா வைத்த பெயர் அது.

அவனுக்கு இப்போது பத்து வயது. நீ போனபின் வலிப்பு வர ஆரம்பித்தது. காலையில் அரை மாத்திரை, சாயங்காலம் அரை மாத்திரை, இட்லிக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தப்பினாலும் ஆபத்து என்று மாட்டு டாக்டர் கையைப் பிடித்துச் சொன்னார். வண்டியில் ஏற்றவும் கூடாதாம், அலைச்சலில் வலிப்பு வந்துவிடும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். நீ பழக்கிவிட்ட ஒன்றைத்தான் சமாளிக்க முடியவில்லை. தினமும் உன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டாயே, இப்போது பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் துரை வாய் வைக்கிறார். சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தால் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. போன வருஷம் கண் ஆபரேஷனுக்காக நான் மதுரை போனபோது, கடைக்கார வேலுச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவனும் குறை வைக்கவில்லை. நேரம் தவறாமல் காம்பவுண்டுச் சுவர்மேலே எட்டிச் சோறு போட்டான். இரண்டு நாள் சோறு எறும்புக்குப் போனது. நம்மாள் பட்டினியாக என்னைத் தேடிக் கிளம்பி, பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் சுருண்டு கிடந்தான். ஒற்றைக் கண்ணில் கட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கிய நான்தான் பார்த்தேன். என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டவில்லை அக்கா. ஆட்டத் தெம்பில்லை.

அதனால் கல்யாணத் தேதி குறித்த அன்றே, இந்த முறை ஆளைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். தீர்மானித்த கையோடு உலகத்தில் எவனும் செய்யாத ஒரு முட்டாள்தனமும் செய்தேன்.

தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை கல்யாணம் என்று எவனும் நாக்கு மேலே பல்லுப் போட்டுப் பேசக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு, பட்டு வேட்டி சரசரக்க, வீடு வீடாக ஏறினேன். "எல்லாரும் வரணும், ஒருத்தரும் தங்கக்கூடாது" என்று நான் போட்ட சத்தத்தில் காரியாபட்டிக்காரன் இரண்டு பேர் கிளம்பியிருப்பார்கள். வேன் போதாமல் முழு பஸ்ஸாகப் பிடித்தேன். ஊரே கிளம்பத் தயாரானது. அதற்குப் பிறகுதான் நாய்க்கு ஆள் தேடினேன்.

வேலுச்சாமி சிரித்தான். "ஏன் மாமா, ஒருத்தரும் தங்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? நான் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டுட்டேன்." மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற கம்பவுண்டர், "எனக்கும் பத்திரிகை வச்சிருக்கீகளே அண்ணே, மறந்துட்டீகளா?" என்றார். யாரைக் கேட்டாலும் புதுச் சட்டை எடுத்துவிட்டார்கள்.

மதுரையில் நாய்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போனேன். சுத்தமான இடம், மின்விசிறியெல்லாம் உண்டு. ஒரு பெண் பொறுமையாகச் சுற்றிக் காட்டியது. "அவன் சாப்பிடும்போது பக்கத்துல உக்காருவீகளாம்மா?" என்று கேட்டேன். "சார், கூண்டு நிறைய நாய் இருக்கு. முடியும்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.

கயலுக்குப் போன் போட்டேன். "தாயி, மாமா வராம நடத்திக்கிருவியா?"

"அம்மாவும் இல்லாம நீங்களும் இல்லாம மணையில நான் எப்படி மாமா உக்கார?" என்றாள். உடனே அவளே, "அதுக்காக அவனை யார்கிட்டயாவது தள்ளிவிட்டுட்டு வந்துராதீங்க" என்றாள். உன் மகள் அல்லவா? இரண்டு பக்கமும் கட்டிப்போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். நான் பத்திரிகை வைக்காத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நம்ம பக்கத்து வீடு. முத்துப்பேச்சி மதினி.

அக்கா, கோபப்படாமல் மேலே படி. ஒன்பது வருஷமாக அந்த வீட்டோடு நமக்குப் பேச்சு இல்லை என்பது எனக்கு மறக்கவில்லை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த அவர்களுடைய மிளகாய் வத்தல் குவியலையும் எல்லைக்கல் என்று நினைத்து நம்ம தாசில்தார் காலைத் தூக்கிவிட்டான். அதுகூடப் பெரிதில்லை. "கழுவிக் காயப்போட்டாப் போச்சு" என்று நீ சொன்னாய் பார், அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து கிடையாது. உன் சாவுக்கு மட்டும் வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனார்கள். நான் பார்த்தேன். நீ பார்த்தாயா?

சிங்கத்தின் குகைக்குள் நுழைகிறவனைப் போல அந்தப் படியேறினேன். மதினி வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தலை நிமிரவில்லை.

"ஊரெல்லாம் தாம்பாளத்தத் தூக்கிட்டு அலைஞ்சியே, என் வீட்டுப் பக்கம் கால் வலிச்சிருச்சோ?"

"இல்ல மதினி... பேச்சுவார்த்தை இல்லாத வீடு..."

"பேச்சு இல்லாத வீட்டுக்கு நாய மட்டும் கொண்டாந்து விடுவியோ? அதுவும் அந்த நாய!"

"தப்புத்தான் மதினி. வாரேன்." எழுந்துவிட்டேன்.

"நில்லு." அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். "போயி முறையாத் தாம்பாளத்தோட வா. பத்திரிகை வையி. நான் வர முடியாதுன்னு சொல்லுவேன். அதுக்குப் பொறவு நாயப் பத்திப் பேசு."

வீட்டுக்கு ஓடினேன். எந்தக் குதிரையும் அப்படி ஓடியிருக்காது. பட்டு வேட்டியைக் கட்டினேன், வெற்றிலை பாக்கு எடுத்தேன், பத்திரிகையில் 'முத்துப்பேச்சி மதினி அவர்களுக்கு' என்று எழுதினேன். மறுபடி படியேறி, தாம்பாளத்தை நீட்டி, ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்: "எங்க அக்கா பாக்கியம் மக கல்யாணம். எங்கக்கா சார்பா அழைக்க வந்திருக்கேன். அவ சொன்ன வார்த்தைக்கும் சேத்து."

உன்னைக் கேட்காமல் உன் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் அக்கா. நீயே ஒருநாள் கேட்டிருப்பாய்தானே?

மதினி கையைத் துடைத்துக்கொண்டு குங்குமம் எடுத்தார்கள். பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. "எனக்கு வரத்தான் ஆசை. ஆனா அன்னைக்கு ஒரு சோலி கெடக்கே கொழுந்தனாரே."

"என்ன சோலி மதினி?"

"வயசான அதிகாரி ஒருத்தருக்கு மாத்திரை குடுக்கணும்."

அக்கா, அந்த இடத்திலேயே அந்த அம்மாவுக்கு ஒரு மணிமண்டபம் கட்டியிருப்பேன். செங்கல் கிடைக்கவில்லை.

வேலையை எடுத்துக்கொண்ட விதத்தைக் கேள். கல்யாணத்துக்கு முந்தின நாலு நாளும் காலையும் மாலையும் நம் வீட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் சும்மா எட்டி உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் இட்லியைக் கையில் பிடித்தார்கள், அவன் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள் தன் சோற்றுத் தட்டையே கொண்டுவந்து, உன்னைப் போலவே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் தாசில்தார் மனுவை ஏற்றுக்கொண்டார். மாத்திரையைத் துப்பினால் என்ன செய்ய, வலிப்பு வந்தால் எப்படிப் படுக்கவைக்க, டாக்டர் நம்பர் எங்கே என்று என்னை அவர்கள் கேட்ட கேள்வியில் நான்தான் பரீட்சையில் தவறிவிட்டேன்.

"நீ மணவறையில நிக்கும்போது பேசத் தோதுப்படாது. மாத்திரை உள்ள போனா ஒரு மிஸ்டு கால் குடுக்கேன். சோறும் தின்னுட்டான்னா ரெண்டாவது குடுக்கேன்" என்று ஏற்பாடும் அவர்களே செய்தார்கள்.

முகூர்த்தத்தன்று காலை. நாதஸ்வரம் முழங்குகிறது. கயல் உன் அரக்குப் பட்டில் வந்து நிற்கிறாள். என் கையில் மாலை, இடுப்பில் போன். ஒருமுறை அதிர்ந்தது. மாத்திரை போயிற்று. இரண்டாவது வரவில்லை. மாலையைப் போட்டேன், வரவில்லை. கைப்பிடித்து மணையில் உட்கார வைத்தேன், வரவில்லை. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப் கண்ணுக்குள் வந்து நின்றது. கயல் தலையைக் குனிந்தபடியே, "தின்னுட்டானா மாமா?" என்று உதட்டை அசைக்கிறாள். ஐயர் முறைக்கிறார்.

கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் இடுப்பில் மறுபடி அதிர்ந்தது பார்! அட்சதையை மாப்பிள்ளை மேல் மூட்டையாகக் கவிழ்த்துவிட்டு, "தின்னுட்டான்!" என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் இன்னமும் அது எங்கள் ஊர்ச் சடங்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கயல் அழுதாள், நான் அழுதேன். நான் அழுத அழுகையில் ஓசூர் ஏரி மறுகால் போயிருக்கும்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பி, பஸ் நின்றும் நிற்காததுமாகக் குதித்து ஓடினேன். வேப்பமரத்தடியில் மதினி தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு இதுதான்: "சத்தம் போடாத. இன்னும் ரெண்டு வாய் இருக்கு."

அவன் தின்று முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பவில்லை. கல்யாணச் சீர்ப் பலகாரத்தை மதினி கையில் கொடுத்து, "இதுக்கு நான் என்ன செய்யப்போறேன் மதினி?" என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர்கள் பேச்சுக்குச் சொல்லவில்லை.

"எங்கிட்ட ஒரு கெழட்டு ஆடு கெடக்கு. ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு. கொம்பத் தொட்டு, பேச்சுக் குடுத்துக் கூட்டிட்டுப் போனாத்தான் தண்ணி குடிக்கும். அத விட்டுட்டுப் போக ஆளில்லாம திருப்பூர்ல எம்மவன் வீட்டுல ஒரு ராத்திரி நான் தங்குனதில்ல. பேரனுக்கு நாலு வயசு. போன்லதான் பாத்திருக்கேன்."

"ஊர்ல எத்தன பேரு இருக்காக மதினி. யார்கிட்டயும் கேக்கலையா?"

"யார நம்பி விட? ஒரு நாய்க்காக வீம்ப விட்டுட்டு எம் படியேறுனியே, அன்னைக்கே ஒன்னையக் குறிச்சு வச்சுட்டேன்."

அக்கா, வருகிற வெள்ளிக்கிழமை மதினி திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள். ஐந்து நாள். நேற்றிலிருந்து நான் அந்த ஆட்டோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன் தம்பி பேசியே ஒருவரைத் தண்ணீர் குடிக்க வைக்க முடியும் என்று நீ நினைத்துப் பார்த்ததுண்டா?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மதினி பேரனைக் கொஞ்சிவிட்டு வந்து இறங்குகிறவரை, ஜனாதிபதியே விருந்துக்குக் கூப்பிட்டாலும் இந்தத் தெருவைத் தாண்ட மாட்டேன். தண்ணீர் காட்டி முடித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர்கள் திருப்பூரில் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

கயலுக்கு மாமன், முத்துப்பேச்சி மதினிக்கு நம்பின கொழுந்தன்,
என்றும் உன் தம்பி.