மிக்ஸி அக்கா

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. தவசிமுத்து அண்ணாச்சி கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். உளுந்து வாங்க வந்த பையன் ஒருவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

“நீங்கதானே மிக்ஸி அக்கா?”

போனைத் திருப்பிக் காட்டினான். நான்தான். கண் பிதுங்கி, வாய் பிளந்து, மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். மேலே எழுதியிருந்தது: ‘மாமியார் ஊரிலிருந்து கிளம்பிட்டாங்கன்னு கேட்டதும் நான்.’

ஆகஸ்ட் 7, புதன்

தூக்கம் இல்லை. அது போன மாதம், எங்கள் நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வாயு கசிந்த காலை. சட்னி அரைத்து ஜாரைக் கையில் எடுத்தேன். மூக்கில் ஊசி குத்தியதுபோல் ஒரு நெடி. பாப்பா இருமினாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜாரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

பைக்கில் போன யாரோ வீடியோ எடுத்திருக்கிறான். அதிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பாப்பா படத்தில் இல்லை. அவள் இருந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஆகஸ்ட் 12, திங்கள்

கிரிக்கெட்டில் தோற்றால் நான். கரண்ட் போனால் நான். மேனேஜர் கூப்பிட்டால் நான்.

கடலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் திலீப்பிடம் சொன்னேன். படகிலேயே அவருக்குக் காட்டிவிட்டார்களாம். “வுடு சௌமி. நாலு நாள்ல வேற எவனாவது மாட்டுவான்” என்றார். திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. இவருமா சிரிக்கிறார்? கேட்கப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். அப்படியும் ஒரு காலேஜ் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

“எக்ஸாம் அன்னிக்கு நான் இப்டியேதான்க்கா இருந்தேன். உங்களப் பாத்து சிரிக்கல, என்னப் பாத்துதான் சிரிக்கிறேன்.”

நல்ல பெண். அவளுக்கு அது பரீட்சை முகம். எனக்கு? குழந்தை செத்துவிடும் என்று நினைத்த முகம்.

ஆகஸ்ட் 28, புதன்

காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து வீசுகிறது. ஜன்னலில் நின்று இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன்.

செப்டம்பர் 4, புதன். ஆஸ்பத்திரி

எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் அதே நெடி. பாப்பாவைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் கொடுத்து, கடற்கரைக்கு ஓடச் சொன்னேன். நான் தெருவில் கத்தினேன்: “கேஸு வருது! வெளிய வாங்க!”

கேரம் ஆடிக்கினு இருந்த பசங்க சிரிச்சானுங்க. ஒருத்தன் போனத் தூக்கினான். “அக்கா, ஜாரு எங்க?”

நான் வாயத் தொறந்தாலே சிரிப்பு. இந்த மூஞ்ச நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?

கோயிலுக்கு ஓடினேன். மைக் ரூம் சாவி வைத்திருக்கும் சுப்புராயன் மாமா, “இன்னாம்மா, மறுபடியும் வீடியோவா?” என்றார். அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். உள்ளே போய் மைக்கைப் போட்டேன். அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது.

“புள்ளைங்களத் தூக்கிக்கினு கடல் பக்கம் ஓடுங்க. துணிய நனைச்சு மூஞ்சில வெச்சுக்குங்க. ஓடுங்க...”

எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. கதவு வழியாகப் பார்த்தேன். தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு நெடி அறைக்குள்ளேயே வந்துவிட்டது.

விழித்தபோது பாப்பா என் வயிற்றின்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். திலீப் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எதிர்க் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜனோடு, போனைத் தூக்கிய அதே பையன். கூட்டம் ஓட ஆரம்பித்த பிறகும் படம் எடுத்துக்கொண்டிருந்தானாம். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

படம் இன்னும் சுற்றுகிறது. இப்போது தெலுங்கிலும் வந்துவிட்டதாம்.

காலையில் சுப்புராயன் மாமா வாசலில் வந்து நின்றார். மைக் ரூமுக்கு இன்னொரு சாவி அடித்திருக்கிறார். “உன்னாண்டயே இருக்கட்டும்மா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இடுப்பில் செருகிக்கொண்டேன். படுக்கும்போதும் எடுப்பதில்லை.